தோன்றா எழுவாய்

துலூத் நகரில் பிப்ரவரி.
ஏரி உறைந்துவிட்டது. இரும்புத்தாதுக் கப்பல்கள்
துறையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.
மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில்,
சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள் மார்லிஸ் க்வாம்.
மாதத்தில் ஒரு நாள் அவளுக்கு இந்த வேலை:
செவிலியர் குறிப்புகளில்
எதையும் சொல்லாத சொற்களைச் சுழிப்பது.

இன்றைய கோப்பு எல்வுட் நைக்விஸ்ட், வயது எழுபத்தொன்று,
இடுப்பெலும்பு அறுவை, மூன்றாம் இரவு.

'நலமாக இருக்கிறார்.' சுழி.
'ஓரளவு சாப்பிட்டார்.'
ஓரளவு என்றால் நாலு கரண்டி சூப்பா, நாலு கிண்ணமா? சுழி.
'தூங்குகிறார் போலிருக்கிறது.'
இங்கே பேனா கொஞ்சம் தயங்குகிறது.
போல என்பது எங்களைப் போன்றவர்களின் உருபு.
முகம் நிலவு போல என்று எழுதி
நாங்கள் யாரையும் கொன்றதில்லை.
கண்மூடிக் கிடக்கும் ஒருவர் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது.
சுழி.

'தொடர்ந்து கண்காணிக்கப்படும்.'
இந்த வாக்கியத்தில் ஆளே இல்லை.
எழுவாய் எங்கோ காபி குடிக்கப் போயிருக்கிறது.
இரவு முழுக்க அந்தச் செயப்பாட்டுவினை மட்டும்
கட்டிலருகே நின்றது போலும்.

பிறகு காலை 6:52. பெயர் மாறுகிறது: டார்னெல் பொலியூ.

'முழங்காலுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே
இடது கெண்டைக்கால் சுற்றளவு 41. வலது 37.
தொட்டால் சூடு. முன்னெலும்பின் மேல் அழுத்தினேன்,
விரல் பதிந்த குழி எட்டு எண்ணும்வரை எழவில்லை.
பூட்ஸ் கயிற்றை யாரோ இறுக்கிக்கொண்டே இருக்கான் என்றார்.
6:55 டாக்டர் ஓஸ்ட்பியை அழைத்தேன். 7:10க்கு வந்தார்.'

அழைத்தேன்.
அந்த விகுதிக்குள் ஒருவன் நிற்கிறான்,
கழுத்தில் அளவுநாடாவோடு.

ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் புறப்படும் முன்பே பிடித்துவிட்டார்கள்.
நைக்விஸ்ட் இப்போது நாலாம் மாடியில் இருக்கிறார்,
பச்சை ஜெல்லியைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டு.
கோப்பை மூடிவிடலாம்.

மூடும்போதுதான், இரண்டு பக்கங்கள் ஒட்டியிருந்த இடத்தில்
இன்னொரு வரி.
'3:05. சற்று அமைதியின்மை. நிலை சீர்.'
கீழே, எம். க்வாம்.

ஆள் போதவில்லை என்று அந்த இரவு
நாலு மணி நேரம் மேல்தளத்துக்கு இரவல் போனவள் அவள்.
சுழித்தாள்.
மற்றவற்றைவிடச் சிறிய சுழி.

படிவத்தின் கடைசிக் கட்டம்: காரணம்.
'பணிச்சுமை' என்று எழுதினாள்.
பொய்யில்லை. எல்லோரும் எழுதுவதுதான்,
சங்கத் தலைவர் கூட ஒப்புக்கொள்வார்.
மேலே குழாயில் வெந்நீர் ஓடும் சத்தம் கேட்டது, நின்றது.
அந்தச் சொல்லை அடித்தாள். அதன் கீழே,
கட்டத்தைத் தாண்டி ஓரம் வரைக்கும் வழிந்து:

'காலுறை இறுக்குகிறது, கழற்று என்றார்.
ஒன்பதாம் அறையில் மணி அடித்தது.
காலையில் பார்ப்போம் என்றேன்.
போர்வையை விலக்கவில்லை.'

இந்தக் கடைசி வரியில், தமிழில் எழுதும் நான்
மாட்டிக்கொள்கிறேன்.
விலக்கவில்லை.
நான், நீ, அவள், அவர்கள்,
யார் விலக்காமல் விட்டாலும் எங்களுக்கு ஒரே சொல்.
மறுப்புக்கு எங்கள் மொழியில் முகம் கிடையாது.
எத்தனையோ பேர் அதற்குள் ஒளிந்திருக்கிறோம்.

மார்லிஸின் தாளை மறுபடி பார்க்கிறேன்.
அவள் மொழியில் 'நான்' என்பது ஒற்றைக் கோடு.
வரியின் தொடக்கத்தில்
இடமில்லாத இடத்தில், சிவப்பு மையில், பிறகு சேர்த்தது,
நிமிர்ந்து நிற்கிறது.